கிச்சனுக்குள் நின்று அடிக்காதீங்க!

வெளியூரிலிருந்து திருப்பூருக்கு வேலை தேடி வருகிறவருக்கு முதல் வாரம் பாதிப் பேச்சு புரியாது. இங்கே 'சிங்கர்' என்றால் பாடகர் இல்லை, தையல் மெஷின். 'பவர்டேபிள்' என்றால் வெறும் மேஜை இல்லை, தையல் பிரிவையே அப்படித்தான் சொல்வார்கள். ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயனிங், பிசிறு வெட்டுவது, ஒன்றரை ஷிஃப்ட் என்று காதில் விழுகிற எதற்கும் யாரும் அகராதி கொடுப்பதில்லை. பக்கத்தில் நிற்கிற அக்காவைப் பார்த்து, அண்ணனைப் பார்த்துக் கற்றுக்கொள்வதுதான். மூன்றாவது சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது, தனக்குப் பின்னால் வந்த புதுப் பையனிடம் "அது பேட்லாக் தம்பி, ஓவர்லாக் இல்ல" என்று அவரே சொல்லிக்கொண்டிருப்பார்.

பிக்கில்பால் விஷயமும் இதேதான். சென்னை, கோவை என்று நகரங்களில் கிரிக்கெட் டர்ஃப்களுக்குப் பக்கத்திலேயே நீலமும் பச்சையுமாகச் சின்னக் கோர்ட்டுகள் முளைக்கின்றன. பனியன் கம்பெனி வேலை முடிந்து ஷட்டில் பேட்டோடு போகிறவர்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். நெட் டென்னிஸ் மாதிரி, கோர்ட் ஷட்டில் மாதிரி, கையில் இருக்கும் கட்டை டேபிள் டென்னிஸ் மாதிரி, பந்தில் பார்த்தால் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. "ஒரு கை குறையுதுங்க, வர்றீங்களா?" என்று யாராவது கூப்பிட்டால் ஆசையாக இறங்கிவிடுகிறார்கள். அடிப்பதில் ஒன்றும் சிரமமில்லை. பத்து நிமிடத்தில் பந்து நெட்டைத் தாண்டிவிடும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், எதிர்ப்பக்கம் நிற்கிறவர் "ஜீரோ ஜீரோ டூ" என்று கத்தும்போது. அடுத்து "கிச்சன்! கிச்சன்!" என்று இன்னொருவர் கத்துவார். என்ன தப்பு செய்தோம் என்றே தெரியாமல் பாயின்ட் போகும். நாற்பது வயதைத் தாண்டியவர், அதுவும் பள்ளிக்கூடத்தோடு விளையாட்டை விட்டுவிட்டு இத்தனை வருடம் கழித்து வந்தவர் என்றால், கூச்சத்தில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார். கால் வலியால் இந்த ஆட்டத்தை விட்டவர்களைவிட ஸ்கோர் புரியாமல் விட்டவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். அதனால் வார்த்தைகளைக் கொஞ்சம் பிசிறு வெட்டிப் பார்க்கலாம்.

முதலில் பெயர். பிக்கில் என்றால் ஊறுகாய்தான். ஆனால், இந்த ஆட்டத்துக்கும் ஊறுகாய்க்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பெயின்பிரிட்ஜ் என்று ஒரு தீவு. 1965 கோடை விடுமுறையில் அங்கே ஜோயல் பிரிட்சர்ட் என்பவர் வீட்டில் பிள்ளைகள் போரடிக்கிறது என்று நச்சரித்தார்கள். பிரிட்சர்ட் பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானவர். அவரும் நண்பர் பில் பெல்லும் வீட்டிலிருந்த பழைய ஷட்டில் கோர்ட்டில் ஆடலாம் என்று போனால், பேட்டும் இறகுப்பந்தும் சரியாக இல்லை. கையில் கிடைத்த டேபிள் டென்னிஸ் மட்டையும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தும் போதும் என்று இறங்கிவிட்டார்கள். பந்து தரையில் பட்டு நன்றாக எழும்பியதால் நெட்டைக் கீழே இறக்கிக் கட்டினார்கள். அடுத்த வாரம் பார்னி மெக்கல்லம் என்ற இன்னொரு நண்பர் சேர்ந்துகொள்ள, மூன்று பேருமாக விதிகளை எழுதினார்கள். பிள்ளைகளை வேலைவாங்க முடியாமல் ஆரம்பித்த ஒன்றைப் பெரியவர்கள் பிடுங்கிக்கொண்டது உலக வழக்கம்தானே!

பிரிட்சர்ட் வீட்டில் பிக்கில்ஸ் என்று ஒரு நாய் இருந்தது, அதன் பெயரைத்தான் ஆட்டத்துக்கு வைத்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. பிரிட்சர்ட் குடும்பம் அதை ஒப்புக்கொள்வதில்லை. நாய் வந்தது 1968-ல், ஆட்டத்தின் பெயரைத்தான் நாய்க்கு வைத்தோம் என்கிறார்கள். படகுப் போட்டியில் மற்றக் குழுக்களில் இடம் கிடைக்காமல் மிஞ்சியவர்களை ஒன்றாக ஏற்றி விடுகிற படகுக்கு 'பிக்கில் போட்' என்று பெயர். அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் எடுத்துச் சேர்த்த ஆட்டம் என்பதால் பிரிட்சர்ட்டின் மனைவி ஜோன் இந்தப் பெயரைச் சொன்னாராம். மிச்சத் துணியில் தைத்த பனியன் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர் மும்பையைச் சேர்ந்த சுனில் வாலாவல்கர். 2008-ல் அகில இந்திய பிக்கில்பால் சங்கம் ஆரம்பமானது. பல வருடங்கள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2025 ஜனவரியில் மும்பையில் வேர்ல்ட் பிக்கில்பால் லீக் நடந்தபோதுதான் தமிழ்நாட்டில் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டார்கள். காரணம், சென்னை அணியின் உரிமையாளர் நடிகை சமந்தா. பெங்களூரு அணியை வாங்கியவர்கள் இயக்குநர் அட்லியும் ப்ரியாவும். கோப்பை அட்லி அணிக்குத்தான் போனது! அதே வருடம் ஏப்ரலில் மத்திய விளையாட்டு அமைச்சகம் இந்தியன் பிக்கில்பால் அசோசியேஷனைத் தேசிய சம்மேளனமாக அங்கீகரித்தது.

சினிமாக்காரர்கள் வந்ததும் இது பணக்காரர்களின் ஆட்டம் என்று ஒரு பெயரும் சேர்ந்து வந்துவிட்டது. பாதிதான் உண்மை. ஏசி அரங்கும் கார்பன் மட்டையுமாக ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆட்டத்துக்குத் தேவை 20 அடிக்கு 44 அடி சமதளம், அவ்வளவுதான். இது இரட்டையர் ஷட்டில் கோர்ட்டின் அதே அளவு. சுற்றி ஓட இடம் சேர்த்தால் 30-க்கு 60 அடி வசதியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை லாரி வராத கம்பெனி முற்றம் எத்தனை கிடக்கிறது இந்த ஊரில்!

அளப்பதற்கு இன்ஜினீயர் வேண்டாம். கட்டிங் மாஸ்டர் கழுத்தில் தொங்குகிற இன்ச் டேப் 60 இன்ச், அதாவது 5 அடி. அகலத்துக்கு நாலு டேப். நீளத்துக்கு எட்டு டேப்பும் நாலு அடியும். மூலை சதுரமாக இருக்கிறதா என்று பார்க்க குறுக்கே ஒரு கயிறு பிடித்தால் 48 அடி 4 இன்ச் வரவேண்டும். வரவில்லை என்றால் கோர்ட் கோணல். நடுவில் நெட். ஓரத்தில் உயரம் 36 இன்ச், அதாவது சரியாக ஒரு கஜம். நடுவில் மட்டும் இரண்டு இன்ச் தாழ்ந்து 34 இன்ச். நெட்டிலிருந்து இரண்டு பக்கமும் 7 அடி தள்ளி ஒரு குறுக்குக் கோடு. அந்தக் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை நடுவில் ஒரு நெடுங்கோடு போட்டால், பக்கத்துக்கு இரண்டு பெட்டிகள், ஒவ்வொன்றும் 10-க்கு 15 அடி. வேலை முடிந்தது.

ஏற்கெனவே ஷட்டில் கோர்ட் இருக்கிறது, அதிலேயே ஆடலாம் என்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஷட்டிலில் முன்பக்க சர்வீஸ் கோடு நெட்டிலிருந்து ஆறரை அடியில் இருக்கும். பிக்கில்பாலுக்கு 7 அடி. அரை அடிதானே என்று விட்டால் பின்னால் பெரிய சண்டை வரும். ஒரு வெள்ளை டேப்பை ஒட்டிவிடுவது நல்லது.

மட்டையை 'பேடில்' என்பார்கள். நரம்பு கிடையாது, தட்டையான பலகை. நீளமும் அகலமும் சேர்த்து 24 இன்ச்சைத் தாண்டக் கூடாது. சில நூறு ரூபாய் மர பேடிலிலிருந்து பத்தாயிரத்தைத் தாண்டும் கார்பன் ஃபைபர் வரை கிடைக்கிறது. புதிதாக வருகிறவர் முதல் மாதம் இரவல் பேடிலில் ஆடுவதே உத்தமம். கை எதைக் கேட்கிறது என்று தெரிந்தபிறகு வாங்கலாம். பந்து பிளாஸ்டிக், எடை சுமார் 25 கிராம். உள்ளரங்கப் பந்தில் பொதுவாக 26 ஓட்டை, ஓட்டைகள் பெரியவை. வெளியில் ஆடுகிற பந்தில் 40 சின்ன ஓட்டைகள், காற்றுக்கு அலையாமல் இருக்க.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்த பலருக்கு இது முற்றிலும் புதுசு கிடையாது. மஞ்சள் நிற உல்லன் பந்தை வைத்துப் பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடும் பூப்பந்து நம் மண்ணின் ஆட்டம், தஞ்சாவூரில் பிறந்ததாகச் சொல்வார்கள். பெண்கள் டென்னிகாய்ட் வளையம் பிடித்திருப்பார்கள். அந்தக் கையும் கண்ணும் எங்கேயும் போய்விடவில்லை. ஒரே வித்தியாசம், பூப்பந்தில் பந்து தரையில் படக் கூடாது. இங்கே சில நேரங்களில் பட்டே ஆகவேண்டும். பழைய பூப்பந்து வீரர்கள் முதல் நாளில் தடுமாறுவது இங்கேதான். கீழே விழப்போகிற பந்தைப் பாய்ந்து எடுத்துவிட்டுப் பெருமையாகத் திரும்பிப் பார்ப்பார்கள். பாயின்ட் எதிரணிக்குப் போயிருக்கும்.

அதற்குக் காரணம் 'டூ பவுன்ஸ் ரூல்'. சர்வீஸ் போட்ட பந்தை எதிரணி ஒருமுறை தரையில் குத்தவிட்டுத்தான் எடுக்கவேண்டும். அவர்கள் திருப்பி அனுப்பியதை சர்வீஸ் போட்டவர்களும் குத்தவிட்டுத்தான் எடுக்கவேண்டும். இந்த இரண்டு குத்தும் முடிந்தபிறகு, குத்தவிட்டும் அடிக்கலாம், அந்தரத்திலும் அடிக்கலாம். அந்தரத்தில் அடிப்பதற்குப் பெயர் 'வாலி'. நமக்குத் தெரிந்த வாலிபாலில் இருக்கும் அதே வாலிதான். பந்தைக் கீழே விடாமல் அடிப்பது.

சர்வீஸில் பயப்பட ஒன்றுமில்லை. கடைசிக் கோட்டுக்குப் பின்னால் நின்று, இடுப்புக்குக் கீழே, கையைக் கீழிருந்து மேலே வீசி, குறுக்கே உள்ள பெட்டியில் விழும்படி போடவேண்டும். கோயிலில் தேங்காய் உடைக்கிற மாதிரி மேலிருந்து கீழே போடக் கூடாது. அது கஷ்டம் என்றால் பந்தைக் கையிலிருந்து கீழே நழுவவிட்டு, குத்தி எழும்பும்போது அடிக்கலாம். அதற்கு 'டிராப் சர்வ்' என்று பெயர், புதியவர்களுக்கு அதுதான் சுலபம். வாய்ப்பு ஒன்றே ஒன்று. டென்னிஸ் போல இரண்டாவது சர்வீஸ் கிடையாது. நெட்டில் உரசி சரியான பெட்டியில் விழுந்தால் ஆட்டம் தொடரும், 2021-லிருந்து அப்படித்தான். அந்த 7 அடிக் கோட்டின் மேலேயே விழுந்தால் மட்டும் சர்வீஸ் செல்லாது. மற்ற எந்தக் கோட்டில் பட்டாலும் 'இன்'.

இனி கிச்சன். நெட்டிலிருந்து 7 அடி வரை உள்ள பகுதிக்கு விதிப்புத்தகத்தில் 'நான்-வாலி ஸோன்' என்று பெயர். உலகம் முழுக்க யாரும் அப்படிச் சொல்வதில்லை, கிச்சன்தான். 'அடுப்படி' என்று தமிழில் சொல்லிப் பார்க்கலாம், ஆனால் பதற்றத்தில் வாயில் வருவது கிச்சன்தான். ஓவர்லாக்கை யார் தமிழ்ப்படுத்தினார்கள்? விட்டுவிடலாம்.

கிச்சனுக்குள் போகவே கூடாது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தப்பு. எப்போது வேண்டுமானாலும் போகலாம், நிற்கலாம், அங்கே குத்தி எழும்பிய பந்தை அடிக்கலாம். அங்கே நின்றுகொண்டு 'வாலி' அடிக்கக் கூடாது, அதாவது அந்தரத்தில் வருகிற பந்தைத் தொடக் கூடாது. கோட்டில் கால் விரல் பட்டாலும் கிச்சனுக்குள் இருப்பதாகத்தான் கணக்கு. இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கோட்டுக்கு வெளியே நின்று பிரமாதமாக ஒரு ஸ்மாஷ் அடித்துவிட்டு, அந்த வேகத்தில் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டால், அதுவும் ஃபால்ட். பந்து எதிர்ப்பக்கம் விழுந்து ஆட்டம் முடிந்தபிறகு தடுமாறி உள்ளே போனாலும் ஃபால்ட்தான். தலையிலிருந்த தொப்பி அந்த வேகத்தில் உள்ளே விழுந்தாலும்கூட!

இந்த ஒரு விதி இல்லையென்றால் இந்த ஆட்டமே இல்லை. உயரமான, பலசாலிப் பையன் நெட்டில் ஒட்டி நின்று எல்லாப் பந்தையும் கீழே அடித்து முடித்துவிடுவான். கிச்சன் அவனை 7 அடி பின்னால் நிறுத்துகிறது. அந்த இடைவெளியில்தான் ஐம்பது வயதுக்காரர் ஆட்டத்துக்குள் வருகிறார். அவர் பந்தை மெதுவாக, நெட்டுக்கு ஒரு சாண் மேலே தூக்கி, எதிரணியின் கிச்சனுக்குள் 'டொப்' என்று போடுகிறார். அதற்குப் பெயர் 'டிங்க்'. குத்தி எழும்பினாலும் முழங்கால் உயரம்தான் வரும். கீழேயிருந்து ஓங்கி அடித்தால் நெட்டில் போகும் அல்லது வெளியே போகும். பையனும் மெதுவாகத்தான் திருப்பிப் போட்டாகவேண்டும். டிங்க், டிங்க், டிங்க் என்று பத்துப் பதினைந்து தடவை போகும். யாருக்குப் பொறுமை முதலில் போகிறதோ அவர் பந்தைக் கொஞ்சம் உயரமாகத் தூக்கிவிடுவார். அடி அப்போதுதான் விழும். நாள் முழுக்க ஒரே மாதிரி ஆயிரம் பீஸ் தைத்து, ஒரு தையல்கூட விலகாமல் பார்த்துக்கொள்கிற கைக்கு, இந்தப் பொறுமை ஏற்கெனவே பழகின ஒன்று.

அடுத்து, எல்லோரையும் பயமுறுத்துகிற ஸ்கோர். இரட்டையர் ஆட்டத்தில் மூன்று எண்கள் சொல்வார்கள். முதல் எண், சர்வீஸ் போடுகிற அணியின் பாயின்ட். இரண்டாவது, எதிரணியின் பாயின்ட். மூன்றாவது, சர்வீஸ் போடுகிறவர் அந்த அணியில் முதல் ஆளா, இரண்டாவது ஆளா என்பது. 'நாலு-ஆறு-ரெண்டு' என்றால், எங்களுக்கு நாலு, உங்களுக்கு ஆறு, நான் ரெண்டாவது ஆள்.

சர்வீஸ் போடுகிற அணிக்கு மட்டுமே பாயின்ட் ஏறும். இங்கேதான் புதியவர்களுக்குக் குழப்பம்.

"ஏனுங்ண்ணா, அவங்க அடிச்சது அவுட்தானுங்களே? நமக்குப் பாயின்ட் இல்லீங்களா?"

"இல்லீங்க்கா, சர்வீஸ் அவங்ககிட்ட இருந்துச்சு. இப்ப அது நம்ம கைக்கு வந்திருக்குது, அவ்வளவுதானுங்க. பாயின்ட்ட இனிமேதான் எடுக்கணும்."

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது உண்மையில் பழைய கணக்கு. ஊர்த் திடலில் வாலிபால் ஆடியவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். 2000-க்கு முன்பு வாலிபாலிலும் சர்வீஸ் போட்டவர்களுக்குத்தானே பாயின்ட்? ஷட்டிலிலும் 2006 வரை அப்படித்தான் இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்குத்தான் இது புதுசு. இந்த இடத்தில் அப்பா மகனுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். சில லீக் போட்டிகளில் ஒவ்வொரு பந்துக்கும் பாயின்ட் கொடுக்கும் முறை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அது தேவையில்லை.

ஒரு அணியில் இரண்டு பேருக்கும் சர்வீஸ் வாய்ப்பு வரும். முதல் ஆள் தோற்றால் இரண்டாவது ஆள். அவரும் தோற்றால் சர்வீஸ் எதிரணிக்குப் போகும். அப்படிப் போவதற்குப் பெயர் 'சைட் அவுட்'. ஆட்டத்தின் தொடக்கத்தில் மட்டும் முதலில் சர்வீஸ் போடுகிற அணிக்கு ஒரே ஆள்தான், அவர்களுக்கு ரொம்பச் சாதகமாகிவிடக் கூடாது என்பதற்காக. அந்த ஒரே ஆளை 'ரெண்டாவது ஆள்' என்றே வைத்து ஆரம்பிக்கிறார்கள். அந்த 'ஜீரோ ஜீரோ டூ'வின் ரகசியம் இதுதான். பாயின்ட் எடுத்தால் சர்வீஸ் போடுகிறவரும் அவர் ஜோடியும் இடம் மாற்றிக்கொள்வார்கள். எதிரணி நின்ற இடத்திலேயே நிற்கும். குழம்பிவிட்டால் ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. ஆட்டத்தை வலதுபக்கம் நின்று ஆரம்பித்தவர், தன் அணியின் பாயின்ட் இரட்டைப்படையாக இருக்கும்போது வலதுபக்கமே இருக்கவேண்டும். ஒற்றைப்படை என்றால் இடதுபக்கம். 11 பாயின்ட் எடுத்தவர் ஜெயித்தார், ஆனால் இரண்டு பாயின்ட் வித்தியாசம் வேண்டும். 11-க்கு ஜீரோ என்று தோற்றால் 'பிக்கில்டு' என்பார்கள், ஊறுகாய் போட்டுவிட்டார்களாம்! ஆக, ஊறுகாய்க்கும் ஆட்டத்துக்கும் கொஞ்சம் சம்பந்தம் வந்துவிட்டது.

கொஞ்ச நாள் ஆடியவர்கள் 'தேர்ட் ஷாட் டிராப்' என்று பெரிய விஷயம்போலப் பேசிக்கொள்வார்கள். பெரிய விஷயம்தான். டென்னிஸ் போன்ற ஆட்டங்களில் சர்வீஸ் போடுகிறவருக்குச் சாதகம். இங்கே தலைகீழ். சர்வீஸை எடுத்து அனுப்பியவர்கள் உடனே கிச்சன் கோட்டுக்கு ஓடி வந்து நின்றுகொள்ளலாம். சர்வீஸ் போட்டவர்களோ இரண்டாவது குத்துக்காகக் கடைசிக் கோட்டிலேயே காத்திருக்கவேண்டும். எதிரணி முன்னால் வந்து சுவர்போல நிற்கும்போது, மூன்றாவது அடியை ஓங்கி அடித்தால் அது அவர்கள் பேடிலில் பட்டு இன்னும் வேகமாகத் திரும்பி வரும். அதனால் பின்னாலிருந்தே மெதுவாக வளைத்து அவர்களின் கிச்சனுக்குள் விழவைப்பார்கள். அது குத்தி எழும்புவதற்குள் இவர்களும் முன்னால் ஓடி வந்துவிடலாம். சொல்வதற்கு ஒரு நிமிடம், கைக்கு வர ஆறு மாதம். முதல் மாதத்தில் இதை முயன்று மனம் நொந்துபோக வேண்டாம்.

மற்ற வார்த்தைகள் போகிற போக்கில் பழகிவிடும். ஓங்கி அடித்தால் 'டிரைவ்', தலைக்கு மேலே தூக்கிப் போட்டால் 'லாப்'. கிச்சனுக்கு வெளியே பக்கவாட்டில் தாவி நின்று வாலி அடித்தால் 'எர்ன்', எர்ன் பெர்ரி என்ற ஆட்டக்காரரின் பெயர் அது. யாராவது சொன்னால் தலையாட்டிக்கொள்ளலாம்.

லாப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. தலைக்கு மேலே போகிற பந்தைப் பார்த்துக்கொண்டே பின்னாலேயே ஓடுவதுதான் இந்த ஆட்டத்தில் ரொம்ப ஆபத்தான காரியம். கால் பின்னி மல்லாக்க விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். உடம்பைத் திருப்பிக்கொண்டு ஓடவேண்டும், முடியாவிட்டால் "உங்களுது!" என்று ஜோடிக்கு விட்டுவிடவேண்டும். ஒரு பாயின்ட்டுக்காகக் கையில் மாவுக்கட்டு போட்டால், பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு அந்த ஆறு வாரச் சம்பளத்தை யார் தருவது?

காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்து இரவு எட்டரைக்கு எழுகிறவரின் கெண்டைக்கால் தசை, நேராகக் கோர்ட்டுக்குப் போனால் ஒத்துழைக்காது. பத்து நிமிடம் நடந்து, குதிகாலை ஏற்றி இறக்கி, தோளைச் சுழற்றிவிட்டு இறங்கவேண்டும். நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிற அயனிங், செக்கிங்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். பிரஷர், சுகர், நெஞ்சுவலி என்று மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. நடைப்பயிற்சி ஷூ முன்னும் பின்னும் போகத்தான் லாயக்கு. பக்கவாட்டில் ஓடும்போது கணுக்கால் பிசகும், ஷட்டில் ஷூ பரவாயில்லை. செருப்பு, வெறுங்கால் இரண்டும் வேண்டவே வேண்டாம். நெட்டுக்குப் பக்கத்தில் ஆடும்போது கண்ணுக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி போடலாம், பந்து கிட்டத்திலிருந்து வேகமாக வரும். டீ-ஷர்ட்டுக்கு மட்டும் இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டாம். எந்தத் துணி வேர்வையைக் குடிக்கும், எது வழியவிடும் என்று தொட்டுப் பார்த்தே சொல்வார்கள்.

மொட்டை மாடியில் கோர்ட் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். இடம் இருந்தால் போடலாம்தான். இந்தப் பந்தும் பேடிலும் மோதுகிற சத்தம் கூர்மையானது, 'டக் டக்' என்று தூரம்வரை கேட்கும். அமெரிக்காவில் இந்தச் சத்தத்துக்காகவே பக்கத்து வீட்டுக்காரர்கள் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள், அந்தக் கோர்ட் வேறு! லைன் வீடுகளுக்கு நடுவில், நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறவர்கள் இருக்கும் இடத்தில், விடியற்காலையில் ஆரம்பித்தால் நல்ல பெயர் கிடைக்காது.

வாடகைக் கோர்ட்டுக்கு மணிக்குச் சில நூறு ரூபாய் வாங்குகிறார்கள். நாலு பேராகப் போகாமல் எட்டுப் பேராகப் போனால் செலவு பாதி. ஒரு ஆட்டம் பொதுவாகப் பதினைந்து, இருபது நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால், உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் ரொம்பக் காத்திருக்க வேண்டியிருக்காது, மூச்சு வாங்கவும் நேரம் கிடைக்கும். அம்பயர் இருக்கமாட்டார். தன் பக்கம் விழுந்த பந்து இன்னா, அவுட்டா என்று அந்தப் பக்கத்துக்காரர்களே சொல்லவேண்டும், சந்தேகம் என்றால் எதிரணிக்குச் சாதகமாகச் சொல்லவேண்டும் என்பது விதி. ஸ்கோரை சர்வீஸ் போடுவதற்கு முன் சத்தமாகச் சொல்லவேண்டும். புதியவர் தப்பாகச் சொன்னால், பழகியவர் சரியாகச் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம், சிரிக்கவேண்டிய அவசியமில்லை.

ஆட்டம் முடிந்ததும் நாலு பேரும் நெட்டுக்குப் பக்கத்தில் வந்து பேடிலின் பிடியை ஒன்றோடொன்று லேசாகத் தட்டிக்கொள்வார்கள், கைகுலுக்குவதற்குப் பதிலாக. பொது ஆட்டம் நடக்கிற இடங்களில் டோக்கன் கிடையாது. ஓரத்தில் பேடில்களை வரிசையாகச் சாய்த்து வைத்திருப்பார்கள், அந்த வரிசைதான் க்யூ. புதிதாக வருகிறவர் யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. தன் பேடிலைக் கடைசியில் வைத்துவிட்டு உட்காரலாம். முதல் நாலு பேடிலுக்கு உரியவர்கள் அடுத்து இறங்குவார்கள்.